பெயர் சொல்லாத அரசன்

ஆடி நோம்பிக்கு முந்தின நாள். பக்கத்து வீட்டுப் பெண், பத்தாம் வகுப்பு, கேட்டாள்: "நாளைக்கு லீவு காவிரிக்கு விட்டிருக்காங்களா, ஓரிக்கா மாமா?"

"கவர்மெண்ட் விடறது ஓரிக்குக் கண்ணு. காவிரிக்கு ஊரே விட்டுக்கும்."

"ஓரி என்னத்தக் கொடுத்தாருன்னு புஸ்தகத்துல தெளிவா இல்லீங்களே?"

நல்ல கேள்வி. கடையெழு வள்ளல்கள் பட்டியலை நம் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மயிலுக்குப் போர்வை என்றால் பேகன், முல்லைக்குத் தேர் என்றால் பாரி, நெல்லிக்கனி என்றால் அதியமான். கொல்லிமலைத் தலைவன் ஓரி என்றதும் வில் என்கிறார்கள். வில் அவன் கையில் இருந்தது. அவன் கொடுத்தது என்ன? இந்தக் குறிப்புகள் அவளுக்காகத்தான் ஆரம்பித்தன.

*

ஆடி 18 எங்கள் பக்கத்தில் மூன்று நாளுக்குச் சமம். பள்ளிபாளையத்தில் விடியும் முன்பே ஆற்றங்கரை நிறைந்துவிடும். காதோலை, கருகமணி, காப்பரிசி, புது மஞ்சள் கயிறு. தெருவில் மரம் இருக்கிற இடத்தில் தூரி. தறிச் சத்தம் நின்றுபோய், அக்கரையில் ஈரோட்டுப் பக்கம் பேசுவதுகூடக் காதில் விழும். அதே நாளில் வடக்கே சங்ககிரியில் தீரன் சின்னமலைக்கு மாலை போடுகிறார்கள். கிழக்கே கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவின் இரண்டாம் நாள்.

சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 31 ஜூலை 1805, ஆடி 18. இப்போது ஆடி 18 வருவது ஆகஸ்ட் 2 அல்லது 3. தேதியில் பிழை எதுவும் இல்லை. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம்; ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாள் பின்னால் தள்ளும். 200 ஆண்டில் மூன்று நாள் நகர்ந்திருக்கிறது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த ஒருவருக்கும், கேட்கும் முன்னே பொருளைக் கொடுத்த ஒருவருக்கும் ஒரே நாள் அமைந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

*

பாபிலோனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓரி மேல் கவனம் திரும்பியது. காரணம் செங்கல்.

இரண்டாம் நெபுகாத்நேசர் கி.மு. 605 முதல் 562 வரை பாபிலோனை ஆண்டவன். மதில், கோயில், அரண்மனை, ஊர்வல வீதி என்று கட்டிக்கொண்டே இருந்தான். செங்கல் ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்திச் சூளையில் வைத்தார்கள். முத்திரையில் அவன் பெயர், பாபிலோன் அரசன் என்ற பட்டம், இரண்டு பெரிய கோயில்களைப் பேணுபவன் என்ற பெருமை, நபோபொலாசரின் மூத்த மகன் என்ற குலமுறை. சுவருக்குள் போய்விட்டால் யார் கண்ணிலும் படாத செங்கல்லிலும் இது இருந்தது. எழுதியது அன்றைய ஆட்களுக்காக இல்லை. என்றோ ஒருநாள் சுவர் இடியும், வேறொரு அரசன் தோண்டுவான், அவன் படிப்பான் என்ற கணக்கு. அப்படியே நடக்கவும் செய்தது. அவனுக்குப் பிறகு வந்த நபோனிடஸ் பழைய கோயில்களின் அஸ்திவாரத்தைத் தோண்டி முன்னோர் எழுத்தைத் தேடியவன். 1899 முதல் 1917 வரை ஜெர்மானியர் கோல்டெவே தோண்டினார். இஷ்தார் வாசலின் துண்டுகள் பெர்லினுக்குப் போய் அங்கே மறுபடி வாசலாக நிற்கின்றன.

நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளில் நேபுகாத்நேச்சார் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தானியேல் புத்தகத்தில் பொற்சிலை செய்தவன், அரண்மனை மேல் உலாவி 'நான் கட்டின பாபிலோன்' என்று பெருமைப்பட்டு, புத்தி மாறி, மாட்டைப்போல் புல் தின்றவன். அந்த நோய்க் கதை முதலில் நபோனிடஸைப் பற்றியதாக இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் நினைக்கிறார்கள். சாக்கடல் சுருள்களில் ஒன்று அந்த வகைக் கதையை நபோனிடஸ் பெயரில் சொல்கிறது. ஒவ்வொரு செங்கல்லிலும் பெயர் பொறித்தும், தன் கதை தன் பெயரில் எப்படி நிற்கும் என்பதை அந்த அரசனால் தீர்மானிக்க முடியவில்லை.

*

இனி ஓரி. செங்கல் இல்லை, கல்வெட்டு இல்லை, காசு இல்லை. அவன் வாயால் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. அவனைப் பற்றி நமக்கு வந்ததெல்லாம் பிறர் சொன்னது. அதில் முதன்மையானது புறநானூற்றின் 152ஆம் பாட்டு. பாடியவர் வன்பரணர்.

அந்தப் பாட்டில் நடப்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாடநூலில் அம்பைத் தாண்டி யாரும் போவதில்லை.

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் வருகிறது. வேட்டையாடும் ஒருவனைப் பார்க்கிறார்கள். அவன் விட்ட ஓர் அம்பு யானையைச் சாய்த்து, வாயைப் பிளந்த புலியைக் கொன்று, கொம்புள்ள மானை உருட்டி, உரல்போல் தலையுள்ள பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. ஒரே அம்பில் இத்தனை நடக்குமா என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பாணர்கள் நிகழ்த்துக் கலைஞர்கள். கேட்பவர் அசந்துபோக வேண்டும் என்று பாடுகிறவர்கள். நான் கவனிப்பது அதற்கு அடுத்த பகுதியை.

ஆளைப் பார்க்கிறார்கள். மார்பில் முத்து வடம் கிடக்கிறது. கூலிக்குக் கொல்லும் வேடன் முகம் இது இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஓரியாக இருக்குமோ, இல்லையோ? நேராகக் கேட்கவில்லை. பாடிப் பார்ப்போம் என்று முடிவு. விறலியரைக் கூப்பிட்டு முழவுக்கு மண் பூசச் சொல்கிறார்கள், யாழுக்குப் பண் கூட்டச் சொல்கிறார்கள். ஊதுகிற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இருபத்தொரு துறையும் முறையாகப் பாடி, முடிவில் 'கோ' என்கிறார்கள். அரசே என்ற அந்த விளி தனக்குரியது என்பதால் அவன் நாணுகிறான்.

இந்த இடம்தான். ஒரு அரசன், தன்னைக் குறிக்கும் சொல் காதில் விழுந்ததும், கூச்சப்படுகிறான். "நான்தான் ஓரி" என்று அவன் சொன்னதாகப் பாட்டில் ஓர் எழுத்தும் இல்லை. எத்தனையோ நாடு சுற்றி வருகிறோம், உன்னைப்போல் வேட்டுவரைப் பார்த்ததில்லை என்று பாணர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். வேண்டியதைக் கேட்க அவன் விடவில்லை. வேட்டையில் விழுந்த மானின் இறைச்சியைச் சமைத்துத் தருகிறான். உருக்கிய நெய் நிறத்தில் மது தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் பல நிற மணிகளையும் கலந்து, வைத்துக்கொள்ளுங்கள் என்று தருகிறான். அரண்மனைக்கு வா என்ற பேச்சே இல்லை. அந்தக் காட்டு வழியிலேயே கொடுத்து முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்ப பேரக்கூடச் சொல்லாமக் கொடுத்தாருங்களா?" என்றாள். ஆமாம் கண்ணு, அதுதான் அவர் கொடுத்ததிலேயே பெரியது.

*

பல நிற மணி என்பது புலவரின் மிகையாக இருக்க வேண்டியதில்லை. கொங்கு நாடு மணிக்கல் விளைந்த மண். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். சென்னிமலை பக்கம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் அகழாய்வு செய்தபோது மணி செய்யும் பட்டறைகளின் தடயமும், தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தக்கல் இருப்பது புவியியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. மலைவளம் பற்றி வன்பரணர் பாடியபோது கையில் ஏதோ இருந்திருக்கிறது என்றே நம்புகிறேன்.

*

153ஆம் பாட்டும் வன்பரணர்தான். பாணர்கள் ஓரியிடம் பெற்றது என்னவென்று அதில் இருக்கிறது: நீரில் பூக்காத குவளை. மணிகளால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த குவளைப் பூ. கூடவே அணிகலன், யானை. அதற்குப் பிறகு புலவர் சொல்வது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. பசி போய்விட்டதால் பாணர்கள் ஆட முடியாதவர்களாகி, தங்கள் பாட்டையே மறந்துவிட்டார்களாம்.

கூலி, முன்பணம், போனஸ் என்று பேச்சு நடக்கிற விசைத்தறி ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. வேலையைப் பசி செய்ய வைக்கிறது என்பதை அந்தக் காலத்துப் புலவர் ஒளிக்கவில்லை. பாட்டு வயிற்றிலிருந்து வந்தது என்று ஒத்துக்கொள்கிறார்.

204, கழைதின் யானையார் பாடியது. அந்தப் பாட்டின் முதல் நான்கு வரி மேடையில் அடிக்கடி கேட்கும். இரத்தல், கொடுத்தல் பற்றியது. மேடையில் யாரும் சொல்லாத பின்பாதி அதைவிட நுட்பம். புலவர் வந்திருக்கிறார், பரிசில் இன்னும் கைக்கு வரவில்லை. கடல் நிறைய நீர் இருந்தாலும் தாகம் எடுத்தவர் அதைக் குடிப்பதில்லை. மாடுகள் மிதித்துக் கலங்கிய சிறு பள்ளமானாலும் குடிக்கிற நீர் இருக்கும் இடத்துக்குத்தான் பாதை தேயும் என்கிறார். பரிசில் கிடைக்காவிட்டால் கிளம்பும்போது பார்த்த சகுனத்தையும் நேரத்தையும்தான் நொந்துகொள்வோம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன், ஓரி, நீ வாழ்க என்று முடிக்கிறார். வள்ளல் வாசலிலும் காத்து நின்ற ஆள் உண்டு என்பதை இந்தப் பாட்டு மறைக்கவில்லை. ஓரியை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். புகழுரை மட்டுமே மிஞ்சியிருந்தால் இத்தனை நெருக்கமாக உணர மாட்டேன்.

சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்லும்போது, ஓரி தன் நல்ல நாட்டையே கூத்தர்களுக்குக் கொடுத்தான் என்கிறது. பாடநூல் கேள்விக்கு நேர் விடை அதுதான்.

*

அவன் சாவு. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியோடு போர். காரியின் குதிரைக்குப் பெயர் காரி, ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. காரி வென்றான், ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார் சொல்கிறார்.

நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்று, எண் 320. ஓரியைக் கொன்ற பிறகு அவனுடைய பெருந்தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த இரைச்சல் அதில் வருகிறது. போர்ப்பாட்டாக இருக்கும் என்று நினைத்துப் படித்தால், அது பரத்தை ஒருத்தி தெருவில் நடந்துபோனதால் ஊர் இரைந்ததற்குச் சொன்ன உவமை. ஓரி மாண்ட செய்தி அந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விளக்கம் இல்லாமலே கேட்பவருக்குப் புரிந்திருக்கிறது. ஒரு தெரு, அதில் எதிரியின் குதிரை, வீடு வீடாக அலறல். ஓரி ஊரின் மக்களைப் பற்றி நான் படித்ததில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

அதற்குப் பிறகு காரிக்கும் நிம்மதி இல்லை. அதியமான் கோவலூரை அழித்தான் என்று ஔவையார் பாடுகிறார். அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். வள்ளல்கள் என்று ஒரே வரிசையில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்; அவர்கள் ஒருவரையொருவர் அழித்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

*

அதியமானுக்கு ஒரு நல்வாய்ப்பு கிடைத்தது. 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில், குகை ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது செய்தி. அசோகன் தன் கல்வெட்டில் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. சேரர்களுக்கு எங்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் புகழூர் இருக்கிறது. இரும்பொறை மரபின் மூன்று தலைமுறைப் பெயர், யாற்றூர் செங்காயபன் என்ற சமணத் துறவிக்கு இருக்கை கொடுத்த செய்தியோடு, பாறையில் நிற்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சங்க அரசர்களின் காலத்துக்குப் பிடிமானம் தந்தார். ஈரோட்டுக்குத் தெற்கே அரச்சலூரில் தாளச் சொற்களை வரிசை வரிசையாகப் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. ஓரியைப் பாடியவர்களின் தொழில் இந்த மண்ணில் கல்லிலும் ஏறியது என்பதற்கு அது சாட்சி.

ஓரிக்கு இதுவரை எழுத்துச் சான்று ஓலை ஒன்றே. அந்த ஓலையும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது! புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1894இல். 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் போயின. செல் அரித்த இடம் 152ஆம் பாட்டாக இருந்திருந்தால், காட்டு வழியில் நாணி நின்ற அந்த மனிதன் நமக்கு இல்லை. சங்ககிரியில் சின்னமலை தூக்குமேடை ஏறியபோது புறநானூறு அச்சேற இன்னும் 89 ஆண்டு இருந்தது. ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த அந்த மலையின் பழைய தலைவனைப் பற்றி இந்தப் பாட்டு வழியாக அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கும்பகோணத்தில் இருந்த ஒரு தமிழாசிரியர் ஏடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண் நோகப் பார்த்ததுதான் காரணம்.

*

இப்போதைய ஓரி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சோளக்காடு, அங்கிருந்து செம்மேடு. அங்கே குதிரை மேல் ஓரி சிலை. ஆடி 17, 18 இரண்டு நாளும் அரசு விழா. வாசலூர்ப்பட்டியில் மலர்க்கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, மலைவாழ் மக்களின் ஆட்டம், அரசுத் துறைகளின் அரங்குகள். சாமை, கேழ்வரகு, மிளகு, அன்னாசி, பலா என்று மலை விளைச்சலும் வரும். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாக வணங்குகிறவர்கள் ஒரு பக்கம். இந்த விழா எனக்குப் பிடிக்கும். மலைமேல் உள்ளவர்களைத் தேடிச் சமவெளி போகிற நாள் வேறு அதிகம் இல்லை.

சிலைக்கு மாலை போட வெவ்வேறு சமுதாய அமைப்புகள் தனித்தனிக் கொடியோடு வருகின்றன. ஓரி எங்கள் முன்னோர் என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். பெருமைப்பட ஒரு முன்னோர் வேண்டும் என்ற ஆசையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பெருமை பக்கத்துக் கொடிக்காரரைத் தள்ளி நிறுத்தும்போது மனம் வருந்துகிறது. ஓரியின் வாசலுக்கு வந்தவர்கள் ஊர் ஊராகத் திரிந்த பாணரும் கூத்தரும். அவர்கள் யார் என்று அவன் விசாரித்ததாகப் பாட்டு சொல்லவில்லை.

பழைய அரசனை இன்றைய ஆட்கள் தங்கள் பக்கம் இழுப்பது எங்கும் நடக்கிறது. சதாம் உசேன் 1980களில் பாபிலோன் இடிபாட்டின் மேலேயே புதுச் சுவர் எழுப்பி, நெபுகாத்நேசரைப்போல் தன் பெயர் பொறித்த செங்கல்லை அதில் வைத்தார். 1987இல் பாபிலோன் விழாவும் தொடங்கினார். 2003 போருக்குப் பிறகு அந்த இடத்தில் வெளிநாட்டு ராணுவம் முகாம் போட்டுப் பழைய மண்ணைக் கிளறியது. 2019இல்தான் யுனெஸ்கோ பாபிலோனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரசன் பெயரில் புதுக் கட்டடம் எழுப்பியதால் பழையது சேதப்பட்டது என்பது அங்கே நேர்ந்த துயரம். கொல்லியில் ஓரி காலத்துச் சுவர் எதுவும் இல்லை. சேதப்படக்கூடியது பாட்டு ஒன்றுதான். படிக்காமல் விட்டால் அது போய்விடும்.

*

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசகம் பெரும்பாலும் அவளுடையது. ஓரி விழா மேடையில் ஆண்டுதோறும் புறநானூற்றின் 152, 153, 204 ஆகிய மூன்று பாட்டையும் பள்ளிப் பிள்ளைகள் பொருளோடு சொல்ல வேண்டும்; மூன்றும் சேர்ந்து சுமார் 60 அடிதான், கால் மணி நேரத்துக்குள் முடியும். மலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பு தர வேண்டும். 152ஐச் சொல்லும்போது அதில் வரும் முழவும் யாழும் ஆகுளியும் இல்லாவிட்டாலும், மலையில் இன்று அடிக்கிற பறையும் ஊதுகிற குழலும் கூட இருக்க வேண்டும். நான்காவதாக அவள் சேர்த்தது: பாட்டுச் சொல்கிற பிள்ளைகளுக்குப் பரிசு, அவர்கள் கேட்கும் முன்னாலேயே கொடுக்கப்பட வேண்டும்.

திங்கட்கிழமை மனு நாள். நாமக்கல்லுக்குக் காலை பஸ்ஸில் இருவரும் போகிறோம்.